இரண்டு தடவை கிளிப் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்

அண்ணன் மகளுக்கு வரும் வியாழக்கிழமை பல்லுக்கு கிளிப் போடும் வேலை ஆரம்பிக்கிறது. 13 வயது. போன வாரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். "முதல் நாலஞ்சு நாள் வலிக்கும் பாப்பா, அப்புறம் பழகிடும்" என்றேன். அவள் கிளம்பிப் போன பிறகு யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது கால்வாசிகூட இல்லை. கிளிப் என்றாலே எல்லாரும் வலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எனக்கும் 15 வயதில் வலியைப் பற்றி மட்டும்தான் சொன்னார்கள், சொல்லாமல் விட்ட மற்ற விஷயங்கள்தான் 14 வருடம் கழித்து என்னை மறுபடியும் அதே மாதிரி ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தன. அதனால் அவளுக்காகவும், பிள்ளைக்கு கிளிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்களுக்காகவும், முப்பதைத் தொடும் வயதில் இனிமேல் முடியுமா என்று தயங்குகிறவர்களுக்காகவும் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் 2007. எனக்கு மேல் வரிசையில் இடது கோரைப்பல் மற்ற பற்களுக்கு மேலே ஏறி நின்றது, தெத்துப்பல். தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதைப் போய்க் கை வைப்பார்களா என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கோ பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒவ்வொன்றிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பதே பழக்கமாகிவிட்டது. கோரைப்பல் கீழே இறங்க இடம் வேண்டும் என்று மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு பற்களை எடுத்தார்கள். 26 மாதம் கம்பியோடு இருந்தேன். 2009-இல் கழற்றியபோது வரிசை அவ்வளவு அழகாக வந்திருந்தது. அன்றைக்கே ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, முன்னால் ஒரு கம்பி, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ரீடெய்னர் என்றார்கள். "இதைப் போட்டுக்கம்மா" என்றதோடு சரி. எத்தனை மணி நேரம், எத்தனை வருடம், போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் மாமா மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் தகட்டைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடி வந்து பார்த்தால் இலைகளை எல்லாம் கீழே இருந்த பேப்பர் விரிப்போடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள், அடுத்த பந்திக்குப் புது விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவ்வளவு செலவு செய்திருக்கிறாரே என்ற பயத்தில் வீட்டில் வாயே திறக்கவில்லை. பல்தான் நேராகிவிட்டதே, இனிமேல் எதற்கு என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். காலேஜ் இரண்டாம் வருடம் கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய ஆரம்பித்தன. வேலைக்குச் சேர்ந்தபோது மேலே அந்தக் கோரைப்பல்லும் திரும்பியிருந்தது. 2021-இல், 29 வயதில், மறுபடி கிளிப்.

இந்தத் தடவை டாக்டரைத் தேடுவதிலேயே கவனமாக இருந்தேன். பல் டாக்டர் எல்லாரும் ஐந்து வருடம் பி.டி.எஸ். படித்தவர்கள்தான், ஆனால் பல்லை நகர்த்துவதற்கென்றே அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். பல கிளினிக்கில் இவர்கள் தினமும் இருக்க மாட்டார்கள், வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் வந்து போவார்கள், அதில் தப்பில்லை, ஆனால் என்றைக்கு வருவார், இடையில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வாயைப் பார்த்துவிட்டு "அடுத்த வாரமே போட்டுடலாம்" என்று சொல்லும் இடத்தில் நான் போட மாட்டேன். முழு வாயும் தெரிகிற ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டில் தலை முழுவதும் எடுக்கிற இன்னொரு எக்ஸ்ரே, முகத்தையும் பற்களையும் போட்டோ, மாவு மாதிரி ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுப்பது (இப்போது பல இடங்களில் ஸ்கேனரே வந்துவிட்டது), இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் பல் எடுக்க வேண்டுமா, எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியும். சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் அதை முதலில் சரி செய்துவிட்டுத்தான் கிளிப். பிள்ளைகளை 7 வயதிலேயே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது, உடனே கிளிப் போடுவதற்காக இல்லை, தாடை வளர்ச்சியில் ஏதாவது கோளாறு இருந்தால் வளர்கிற வயதிலேயே திருத்துவது சுலபம் என்பதால். பெரும்பாலானவர்களுக்கு நிலைப்பற்கள் வந்த பிறகு, 11, 12 வயதுக்கு மேல்தான் முழு கிளிப்.

பெரியவர்களுக்கும் போடலாம், நானே சாட்சி. பல் எலும்பில் சிமென்ட் வைத்துப் பூசின மாதிரி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஒரு நார்ப்படலம் இருக்கிறது, பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கம்பி ஒரு பக்கமாகத் தள்ளும்போது தள்ளும் பக்கத்து எலும்பு மெல்லக் கரைகிறது, பின்னால் விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு சுமாராக 1 மில்லிமீட்டர்தான் நகரும். "டாக்டர், இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடுங்க, சீக்கிரம் முடியட்டும்" என்று நானே கேட்டிருக்கிறேன். பலமாக இழுத்தால் வேகம் கூடாதும்மா, வலியும் வேர் நுனி தேய்வதும்தான் கூடும் என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். அதனால் சாதாரணமாக ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம், பல் எடுத்திருந்தால் இன்னும் கூட ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும்போது பல் லேசாக ஆடும். நான் ஒரு நாள் ராத்திரி நாக்கால் தள்ளிப் பார்த்துப் பயந்து தூங்கவே இல்லை. ஆடத்தான் செய்யும், நகர்ந்து முடிந்ததும் கெட்டிப்பட்டுவிடும்.

வியாழக்கிழமை பாப்பாவுக்கு நடக்கப்போவது செபரேட்டர் வைப்பது. கடைவாய்ப்பல்லில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் மாட்ட இடம் வேண்டும், அதற்காகப் பற்களுக்கு நடுவில் குட்டி குட்டி ரப்பர் வளையங்களைச் செருகிவிடுவார்கள். பல் இடுக்கில் பாக்குத் துண்டு மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும், குச்சி எடுத்துக் குத்தத் தோன்றும், குத்தக் கூடாது. என்னைக் கேட்டால் இந்த முதல் இரண்டு நாள் வலியைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிளிப் ஒட்டும்போது வலியே இல்லை. உதட்டை விலக்கிப் பிடிக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டுவார்கள், ஒவ்வொரு பல்லிலும் ஒரு ஜெல்லைத் தடவி அரை நிமிடம் விட்டுக் கழுவுவார்கள், அது நாக்கில் பட்டால் எலுமிச்சையை விடப் புளிக்கும். காற்றடித்து உலர்த்தியதும் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துத் தெரியும். அதன்மேல் பசை வைத்த பிராக்கெட்டை, அதாவது கம்பியைத் தாங்கும் குட்டித் துண்டை, இடுக்கியால் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து அப்படி இப்படி நகர்த்திச் சரிபார்த்து, நீல விளக்கைப் பிடித்து இறுக வைப்பார்கள். வாய் திறந்தே இருந்து தாடைதான் வலிக்கும். ஒரு மணி நேரம் ஆகும். கடைசியில் கம்பி.

முதல் கம்பி நூல் மாதிரி மெல்லிசு, நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். நிடினால் என்று பெயர், ஆங்கிலத்தில் அதன் கடைசி மூன்று எழுத்து (NOL) அதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆயுதத்துக்கு உலோகம் தேடிய இடத்திலிருந்து வந்த ஒரு கலவை பிள்ளைகளின் பல்லை நேராக்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதில் ஒரு வகை வாய்ச் சூட்டில்தான் முழு பலத்தோடு இழுக்கும், குளிர்ந்தால் தளரும், அதனால் வலிக்கும் நாளில் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்தால் கொஞ்ச நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும்.

வலி கம்பி மாட்டிய உடனே வராது. மூன்று நாலு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும், மறுநாள்தான் உச்சம். சும்மா இருக்கும்போது பெரிதாகத் தெரியாது, இட்லியைக் கடித்தால்கூட சுரீர் என்று தெரியும். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, தயிர் சாதம், கஞ்சி, மசித்த வாழைப்பழம் என்று மூன்று நாள் ஓட்டிவிடலாம். வலி மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எனக்குப் பாராசிட்டமால்தான் சொன்னார், சில வலி மாத்திரைகள் பல் நகர்வதையே மந்தமாக்கக்கூடும் என்றார். அதற்குப் பிறகு கன்னத்தின் உள்பக்கம் பிராக்கெட் உரசிப் புண்ணாகும், அதற்கு மெழுகு தருவார்கள், பல்லைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு பயறு அளவுக்கு உருட்டி அழுத்தி ஒட்ட வேண்டும், ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் கன்னம் பழகிவிடும். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டைட் பண்ணப் போகும்போதெல்லாம் இரண்டு நாள் வலி இருக்கும், ஆனால் முதல் தடவை மாதிரி இருக்காது. பற்கள் நெருங்க நெருங்கக் கம்பி பின்பக்கம் நீண்டு கன்னத்தைக் குத்தும், அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த தேதி வரை இருக்க வேண்டாம், போன் செய்துவிட்டுப் போனால் இரண்டு நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள்.

வலி இவ்வளவுதான். இனிமேல் சொல்வதுதான் முக்கியம், இதில் கோட்டை விட்டால் இரண்டு வருடமும் பணமும் வீண்.

பல் தேய்ப்பது. நம் சாப்பாட்டில் ஒட்டாதது எது சொல்லுங்கள், கீரை ஒரு பக்கம் சுற்றிக்கொள்ளும், முருங்கைக்காய் நார் கம்பிக்குள் போனால் வெளியே வராது, தேங்காய்த் துருவல், கடுகு, எல்லாம் பிராக்கெட்டைச் சுற்றித் தங்கும். அது ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தால் பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். கிளிப் இருக்கும்வரை தெரியாது. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கழற்றிய அன்று முன்பற்கள் ஒவ்வொன்றிலும் நடுவில் பிராக்கெட் இருந்த இடம் நன்றாக இருந்தது, அதைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி வெள்ளைத் தழும்பு. நேரான வரிசை, ஆனால் அவள் இன்னமும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சின்னதாக்கின மாதிரி ஒரு குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது, அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்தும் கீழிருந்தும் விட்டு எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டில் சாதாரண பிரஷ். ராத்திரி எனக்கு முழுசாக எட்டு நிமிடம் ஆகும். மத்தியானம் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு வாஷ்பேசின் முன்னால் நின்று தேய்ப்பதற்கு முதலில் கூச்சமாக இருந்தது, பத்து நாளில் போய்விட்டது.

ஒரு சின்ன விஷயம், பிராக்கெட்டில் கம்பியைக் கட்டுகிற ரப்பருக்கு நிறம் கேட்பார்கள், வெள்ளை அல்லது நிறமில்லாததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாம்பாரில் இருக்கும் மஞ்சள் இரண்டே நாளில் ஏறி வாயே மஞ்சளாகத் தெரியும். அடர் நீலம், சாம்பல் நிறம் நல்லது. பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் கிளிப்புக்கு அதிகப் பணம் கொடுப்பவர்களுக்கும் இந்த ரப்பர் மஞ்சளாகும் தொல்லை உண்டு.

கெட்டியானது எதையும் கடிக்கக் கூடாது. முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், கொய்யாக்காய், எலும்பு. பொங்கலுக்குக் கரும்பு. முதல் தடவை ஊரில் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தபோது ஆசை தாங்காமல் ஒரே ஒரு கணு கடைவாயில் வைத்துக் கடித்தேன், டக் என்று ஒரு சத்தம், பிராக்கெட் கம்பியில் தொங்கியது. லீவு முடிந்து ஊர் திரும்பிப் போய் ஒட்டுவதற்குள் மூன்று வாரம், அந்தப் பல் அதற்குள் வந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. பிராக்கெட் பிய்ந்தால் ஒட்டித் தருவார்கள், போன நாட்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அப்புறம் ரப்பர் பேண்ட். பாதி சிகிச்சைக்கு மேல் போனதும் மேல் கோரைப்பல் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல் கொக்கிக்கு நீங்களே மாட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பாக்கெட் தருவார்கள். சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க இருக்க வேண்டும், 20 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இழுவை போய்விடும் என்பதால் தினமும் புதுசு. நான் மத்தியானம் கழற்றினால் சாயந்திரம் வரை மறந்துவிடுவேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "ரப்பர் சரியா போடலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். நகரவே இல்லை. நாற்காலியில் அவர் செய்வது மாதத்தில் இருபது நிமிடம், மீதி நேரம் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

ஊரார் பேச்சையும் சொல்லியாக வேண்டும். "இந்த வயசுல எதுக்கு?" என்பார்கள். "பொண்ணு பார்க்க வர்றாங்க, கொஞ்சம் சீக்கிரம் கழட்டிடச் சொல்லு" என்பார்கள், என் வீட்டிலேயே சொன்னார்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது கிளிப் போட ஓடுவதும், பாதியில் கழற்றச் சொல்வதும் இரண்டுமே தப்பு. கிளிப்போடு கல்யாண போட்டோ எடுத்தால் எதுவும் குறைந்துவிடாது, பாதியில் நிறுத்தினால் பல் கடிக்கும் வாகே கெட்டுப்போகும்.

செலவு எனக்கு 42,000 ரூபாய், சாதாரண மெட்டல் கிளிப், முதலில் 12,000, பிறகு மாதம் 2,000. எக்ஸ்ரே, பல் எடுப்பது, பிராக்கெட் பிய்ந்தால் ஒட்டுவது, கடைசியில் ரீடெய்னர், இதெல்லாம் அந்தத் தொகைக்குள் சேருமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். இவ்வளவு முடியாதவர்கள் சென்னையில், சிதம்பரத்தில், புதுக்கோட்டையில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம், செலவு மிகக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும், நாள் பிடிக்கும், ஆனால் பணமில்லை என்று பிள்ளையின் பல்லை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது தடவை 16 மாதத்தில் முடிந்தது. குறடு மாதிரி ஒன்றால் பிராக்கெட்டை அழுத்துவார்கள், ஒவ்வொன்றும் சின்னச் சத்தத்தோடு விட்டு வரும், பிறகு ஒட்டியிருக்கும் பசையைத் தேய்த்து எடுப்பார்கள். எழுந்து நாக்கால் தொட்டுப் பார்த்தேன், நனைந்த பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது, வீடு போய்ச் சேரும்வரை நாக்கு சும்மா இருக்கவில்லை.

அன்றைக்கே நான் கேட்டு வாங்கியது ரீடெய்னர். பல்லைச் சுற்றி ஈறில் இருக்கும் நார்கள் ரப்பர் மாதிரி, பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும், அவை புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குப் பிறகும் வயதாக ஆகப் பற்கள் மெல்ல நெருங்கத்தான் செய்யும், கிளிப்பே போடாதவர்களுக்கும் அப்படித்தான். அதனால் முதல் வருடம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு எத்தனை வருடமானாலும் ராத்திரி மட்டும் என்று என் டாக்டர் சொன்னார். கீழ்ப்பற்களுக்கு உள்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டியும் விட்டார். மேலே இருப்பது கண்ணாடி மாதிரியான உறை, முதல் ஒரு வாரம் "ச" வராமல் நாக்கு குழறும், செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன், சரியாகிவிட்டது. வெந்நீரில் கழுவினால் உருகி வளைந்துவிடும், பச்சைத் தண்ணீர் மட்டும். கழற்றினால் டப்பாவில்தான், டிஷ்யூவில் இல்லை, சட்டைப் பையில் இல்லை, இலை ஓரத்தில் இல்லவே இல்லை. தொலைந்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களும் அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள், புது ரீடெய்னர் சில ஆயிரம், புது கிளிப் அதைப் போலப் பல மடங்கு.

பாப்பாவுக்காக ஒரு சின்னப் பையில் குட்டி பிரஷ் இரண்டு அளவில், மெழுகு, கைக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிப் போகிறேன். கூடவே ஒரு சிவப்பு டப்பாவும் இருக்கிறது, அதற்கு இன்னும் இரண்டு வருடம் வேலையில்லை, இருந்தாலும் எதற்கு என்று வியாழக்கிழமையே அவளிடம் சொல்லிவிடுவேன்.